‘நாம்’ யார், ‘நாங்கள்’ யார்? – மேலைநாட்டார் திருத்தலப் பயண நூல்களும் தமிழாக்கமும்

மேலைநாட்டார் ஒருவர் கீழ்த்திசைத் திருத்தலம் ஒன்றைத் தேடிச் சென்று, அங்கு ஞானியொருவரைக் கண்டு, அகம் மாறித் திரும்பியதாகக் கூறும் நூல்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலத்தில் பல தோன்றின. அவற்றுள் தமிழகத்தோடு நேர்த்தொடர்பு உடையது, பால் பிரண்டன் எழுதி 1934ஆம் ஆண்டு இலண்டனில் ரைடர் பதிப்பகத்தார் வெளியிட்ட ‘எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா’ ஆகும். திருவண்ணாமலையில் வாழ்ந்த இரமண மகரிசியை (1879-1950) மேலை உலகிற்கு அறிமுகம் செய்த நூல் என்று இதனைப் போற்றுவார் உளர். காலனிய மனப்பான்மையின் மென்மையான வடிவம் என்று இதனை ஒதுக்குவாரும் உளர். இக்கட்டுரை இவ்விரு தீர்ப்புகளுள் எதனையும் நிலைநாட்ட முற்படவில்லை. இத்தகைய நூலொன்றைத் தமிழில் பெயர்க்கப் புகுவார் சொல்தோறும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் சிலவற்றை எடுத்துக்காட்டி, காலனியத்தின் எச்சம் மொழியமைப்பில் எங்கெங்கே தங்கியுள்ளது என்று காண்பதே இதன் நோக்கம்.

பரதேசியும் யாத்திரிகனும்

முதல் இடர்ப்பாடு ‘பில்கிரிம்’ என்னும் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. இதன் மூலமாகிய ‘பெரெக்ரினுஸ்’ என்னும் இலத்தீன் சொல் ‘அயல்நிலத்தான்’ என்று பொருள்படுவது. உரோமானியச் சட்டத்தில் அது அடிமையல்லாத, ஆனால் குடியுரிமையும் இல்லாத ஒருவனைக் குறித்தது. திருத்தலத்திற்குச் செல்பவன் என்னும் பொருள் பிற்பட்டு ஏறியது. ஆகவே மேலை மொழிகளில் திருத்தலப் பயணி என்பவன் சொல்லின் வேரிலேயே அந்நியன்.

நம் வழக்கில் அவ்வாறு இல்லை. ‘யாத்திரை’ என்னும் வடசொல் செல்லுதலை மட்டுமே சுட்டும். ‘தீர்த்தம்’ என்பது கடக்கும் துறை. சங்க இலக்கியத்தில் பயணத்தைக் குறித்த ‘செலவு’ என்னும் சொல்லும் ‘செல்’ என்னும் வினையடியாகப் பிறந்ததே. (அச்சொல் இன்று பணம் கரைவதை மட்டும் குறிக்கிறது. பயணம் போய் வந்தவர்கள் இப்பொருள் மாற்றத்தை வியக்கமாட்டார்கள்.) இச்சொற்கள் எவையும் செல்பவன் எந்நாட்டினன் என்று கேட்பதில்லை.

கிறித்தவ நூல்களைத் தமிழாக்கியவர்கள் இந்த வேறுபாட்டை நன்குணர்ந்திருந்தனர். விவிலியத் தமிழில் இவ்விடத்திற்குப் ‘பரதேசி’ என்னும் சொல் ஆளப்பட்டது. அது இலத்தீன் வேர்ப்பொருளுக்கு ஏறத்தாழ நேர்ச்சொல். ஆனால் தமிழில் அது பிச்சை ஏற்பவனையும், நாளடைவில் வசைமொழியையும் குறிக்கலாயிற்று. ஜான் பன்யனின் நூலைத் தழுவிக் காப்பியம் செய்த எச். ஏ. கிருட்டிண பிள்ளை அதற்கு ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) எனப் பெயரிட்டார். ‘பரதேசி’யை விடுத்து ‘யாத்திரிக’த்தை அவர் கொண்டபோது பயணியின் அந்நியத்தன்மை நீங்கியது, செல்லும் வழியின் சிறப்பு மேலோங்கியது. இது வெறும் சொல்மாற்றம் அன்று. பிரண்டனைப் போன்றவர்களின் நூல்களைத் தமிழாக்குவோர்க்கும் இதே தெரிவு காத்திருக்கிறது: ‘யாத்திரிகர்’ என்றால் நூலாசிரியர் உடனே நம்மவராகிவிடுகிறார், ‘பரதேசி’ என்றால் இகழ்ச்சி தோன்றுகிறது, ‘பயணி’ என்றால் சமயப் பொருள் மறைகிறது.

தன்மையில் பேசும் தலம், முன்னிலையில் பேசும் தலம்

திருத்தலம் பற்றிய தமிழ் இலக்கிய வகைகளில் யார் யாரிடம் பேசுகிறார் என்பது கருதத்தக்கது. ஆற்றுப்படையில் பேசுபவர் முன்பே சென்று பயன் பெற்றவர். வழியில் எதிர்ப்பட்டவரை நோக்கி, ‘நீயும் செல்’ என்று முன்னிலையில் கூறுகிறார். திருமுருகாற்றுப்படை இம்மரபைத் தெய்வத்தின்பால் ஆற்றுப்படுத்துவதாக மாற்றிற்று. தேவாரப் பதிகங்கள் பலவற்றில் இறைவனைப் பற்றிய நீண்ட அடைமொழிகளுக்குப் பின் ஊர்ப்பெயர் பயனிலையாக வந்து முடிகிறது. எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணம் போன்ற தலபுராணங்களில் மலையே தலைமை பெறுகிறது. வந்து போகும் அடியவர், அரசர், தேவர் அனைவரும் அம்மலையின் பெருமைக்குச் சான்றுகள் மட்டுமே.

மேலைநாட்டுத் தேடல் நூலிலோ தன்மை ஒருமையே அனைத்தையும் தாங்குகிறது. ‘நான்’ புறப்பட்டேன், ஐயுற்றேன், ஏமாந்தேன், இறுதியில் கண்டேன் என்பதே அதன் தொடரமைப்பு. தலம் அங்கே காத்திருக்கும் ஒன்று. திருவண்ணாமலையில் அடியவர் செய்யும் வழிபாடு மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வலம் வருதல். அப்பயணத்திற்குச் சேருமிடம் இல்லை, தொடங்கிய இடமே முடியுமிடம். தேடல் நூலின் பாதையோ இலண்டனில் தொடங்கி மண்டபத்தில் முடியும் நேர்க்கோடு. ‘அண்ணாமலை’ என்னும் பெயருக்கு ‘அண்ண முடியாத மலை’, அதாவது நெருங்கவொண்ணாதது, எனப் பொருள் கூறுவது மரபு. நெருங்கவொண்ணாத மலையை நெருங்கிய கதையாக நூல் அமைந்தது தற்செயலாக இருக்கலாம்; எனினும் அப்பெயரை மொழிபெயர்க்கும்போது அது நினைவில் இருத்தல் வேண்டும்.

நூலின் சூழல்

பிரண்டனுக்கு முன்னரும் மேலைநாட்டார் நம் திருத்தலங்களைப் பற்றி எழுதியுள்ளனர். கிளாடியஸ் புக்கானன் என்னும் பாதிரியார் 1806இல் பூரிக்குச் சென்று எழுதிய குறிப்புகள் 1811இல் நூலாக வெளிவந்து பெரிதும் பரவின. அங்குள்ள இறைவனின் திருப்பெயர் ஆங்கிலத்தில் எதிர்ப்பட்டதை நசுக்கிச் செல்லும் பேராற்றலைக் குறிக்கும் பொதுச்சொல்லாக வேரூன்றியதில் அந்நூலுக்குப் பங்குண்டு. அதே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அப்பூரிக்கு வந்த யாத்திரிகர்களிடம் வரி தண்டி வந்தது. 1806இல் ஒழுங்குபடுத்தப்பட்ட அவ்வரி 1840இல்தான் நீக்கப்பட்டது. இகழ்ந்து எழுதியவரும் வரி வாங்கிய நிறுவனமும் ஒரே ஆட்சியின் நிழலில் இயங்கியதை மறத்தல் இயலாது. இன்று ‘ஜகர்நாட்’ என்னும் ஆங்கிலச் சொல் வரும் இடத்தில் ‘ஜகந்நாதர்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் இருக்கமாட்டார். வடிவால் ஒன்றாகிய சொல் பொருளால் திரும்பிவர இயலாத தொலைவு சென்றுவிட்டது.

பிரண்டனின் நூலில் இகழ்ச்சி இல்லை, வியப்பு உண்டு. போலிகளை ஐயுற்று ஒதுக்கும் செய்தியாளரின் கூர்மையும் உண்டு. ஆனால் அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் சர் பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட். 1903-04இல் ஆயுதம் தாங்கிய பிரித்தானியப் படையோடு திபெத்தினுள் புகுந்து லாசா வரை சென்ற அதே அதிகாரி. லாசாவை விட்டு நீங்கும்போது தமக்கு அகவொளி அனுபவம் ஒன்று வாய்த்ததாக அவர் பின்னாளில் எழுதினார். 1936இல் உலகச் சமயங்களின் பேரவையையும் தோற்றுவித்தார். படையெடுப்பும் திருப்பயணமும் ஒருவரது வாழ்வில் இவ்வளவு நெருங்கி நிற்பதைக் காணும்போது, காலனியம் ஒருபுறம், ஆன்மிகத் தேடல் மறுபுறம் என்று கோடு கிழிப்பது எளிதன்று என்பது புலனாகும். இரமணரைக் கண்ட முதல் ஐரோப்பியருள் ஒருவராகிய எப். எச். ஹம்ப்ரீஸ் (1911) காவல்துறை அதிகாரி என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

‘கண்டுபிடித்தல்’ என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பிரண்டன் இரமணரைக் கண்டுபிடித்தார் எனத் தமிழிலேயே எழுதும் வழக்கம் உள்ளது. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்த இரமணரைப் பற்றிப் பி. வி. நரசிம்ம சுவாமி ஆங்கிலத்திலேயே எழுதிய வரலாறு 1931இல் வெளிவந்துவிட்டது. பிரண்டனைக் காஞ்சி சங்கராசாரியாரிடம் அழைத்துச் சென்றவர் எழுத்தாளர் கா. சீ. வேங்கடரமணி, திருவண்ணாமலையைச் சுட்டியவர் அந்த ஆசாரியார். ஆக, நிகழ்ந்தது ஆற்றுப்படை. ஆற்றுப்படுத்தியவர்கள் தமிழர். நூல் அதனை மறைக்கவில்லை. அவர்கள் பெயரை அதுவே தருகிறது. மறைத்தது, நூலைச் சுருக்கிச் சொன்ன பிற்கால வழக்கு.

மறை, சுடர், விசாரணை

நூற்பெயரில் உள்ள ‘சீக்ரெட்’ என்பதைத் தமிழில் எவ்வாறு கூறுவது? ‘இரகசிய இந்தியா’ என்றால் உளவுக்கதை போல ஒலிக்கிறது. அன்றியும், யாருக்கு இரகசியம் என்னும் வினா உடனே எழுகிறது. நாள்தோறும் கோபுரவாயிலில் பூ விற்பவருக்கு அது இரகசியம் அன்று. தமிழில் ‘மறை’ என்னும் சொல் மறைத்தலையும் வேதத்தையும் ஒருங்கே குறிப்பது. சிதம்பர இரகசியமோ திரை விலக்கி எல்லார்க்கும் காட்டப்படுவது. அங்குக் காணத்தக்க உருவம் இல்லை என்பதே அதன் பொருள். ‘மறைபொருள்’ என்னும்போது பொருளின் இயல்பால் அது மறைந்துள்ளது. ‘சீக்ரெட்’ என்னும்போது பார்ப்பவன் அறியாமையால் மறைந்துள்ளது. ‘மறைந்துள்ள இந்தியா’ என்று பெயர்த்தால் ஆங்கில நோக்கு அப்படியே வரும்; ‘மறைபொருள் இந்தியா’ என்றால் தமிழ் நோக்கு அதனை விழுங்கிவிடும். முன்னதே நேர்மையானது என்பது என் கருத்து.

திருவண்ணாமலையைப் பற்றிய இயலுக்குப் பிரண்டன் இட்ட தலைப்பில் மலையை ‘ஹோலி பீக்கன்’ உடையதாகக் குறிக்கிறார். ‘பீக்கன்’ என்பது வழிகாட்டவும் எச்சரிக்கவும் ஏற்றும் குறித்தீ. கடலோடிக்குக் கரை காட்டுவது. கார்த்திகைத் தீபம் எவருக்கும் வழிகாட்ட ஏற்றப்படுவதன்று. அடிமுடி காணாத அழலாக நின்ற இறைவனே அச்சுடர் என்பது தலபுராணச் செய்தி. ‘பீக்கன்’ என்னும் சொல் தன்னோடு ஒரு வழிப்போக்கனை அழைத்து வருகிறது. தீபத்தைக் காண எவரும் தொலைவிலிருந்து வரவேண்டும் என்னும் தேவையில்லை. ‘பீக்கன்’ ஒளிர்வதற்கோ அவன் வேண்டும். தமிழாக்கத்தில் ‘தீபமலை’ என்று மூலப்பெயரை மீட்டு எழுதுவது இயல்பாகத் தோன்றும். அவ்வாறு எழுதினால் பிரண்டன் கண்ட மலை மறைந்து நாம் அறிந்த மலை வந்துவிடுகிறது. ‘சுடர்வழிகாட்டும் புனிதமலை’ என்பது செயற்கையாக ஒலிக்கும். ஆயினும் அச்செயற்கைத்தன்மை மூலத்திலேயே உள்ளது.

இரமணரின் தத்துவச் சொற்களின் நிலை வேறு. ‘நான் யார்?’ என்னும் சிறு நூல் தமிழில் எழுந்தது. ‘செல்ப் என்கொயரி’ என்பது ‘ஆன்ம விசாரம்’ என்பதன் பெயர்ப்பு. இன்றைய தமிழில் ‘விசாரம்’ கவலையையும், ‘விசாரணை’ காவல் நிலையத்தையும் நினைவூட்டுகின்றன. ஹம்ப்ரீசுக்கு இவ்விரு பொருளும் தொழிலளவில் பழக்கமாக இருந்திருக்கும். 1928இல் இயற்றப்பட்ட ‘உள்ளது நாற்பது’ ஆங்கிலத்தில் ‘ரியாலிட்டி’ பற்றிய நாற்பது பாடல்களாகிறது. ‘உள்ளது’ என்பது ‘உள்’ என்னும் அடியாகப் பிறந்த வினையாலணையும் பெயர். ‘உள்ளம்’, ‘உள்ளல்’ என்பவற்றோடு ஒலியாலும் பொருளாலும் ஆடவல்லது. ‘ரியாலிட்டி’யோ பண்புப்பெயர். பிரண்டன் ‘ஓவர்செல்ப்’ என்னும் புதுச்சொல்லை ஆக்கிக்கொண்டார். அதனை மீண்டும் ‘ஆன்மா’ என்றோ ‘பரம்பொருள்’ என்றோ தமிழாக்கினால், அவர் இடையில் செய்த ஆக்கம் சுவடின்றி அழியும். ‘மேலான்’ என்பது போன்ற ஒரு புதுச்சொல்லே அங்குத் தகும்.

இத்தகைய சுழற்சி இரமணர் உரையாடல்களில் இன்னும் சிக்கலானது. முனகால வேங்கடராமையா 1935 முதல் 1939 வரை ஆங்கிலத்தில் குறித்துவைத்த உரையாடல்கள் 1955இல் நூலாயின. அவ்வுரையாடல்களில் மேலைநாட்டார் ஆங்கிலத்தில் வினவ, இரமணர் பெரும்பாலும் தமிழில் விடைகூற, அது ஆங்கிலத்தில் பெயர்த்துரைக்கப்பட்டது. இன்று அதனைத் தமிழில் படிப்போர், தமிழில் பிறந்த சொற்களின் ஆங்கில நிழலிலிருந்து மீட்டெடுத்த தமிழைப் படிக்கின்றனர். பேச்சுமொழியில் வழங்கிய விடை நூல்நடையாக மாறியதும் இச்சுழற்சியால்தான்.

படர்க்கையும் உளப்பாடும்

இனி, கட்டுரைத் தலைப்பிற்கு வருவோம். தமிழில் தன்மைப் பன்மை இருவகை: கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தா ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் ‘வீ’ ஒன்றே. தேடல் நூல்களில் இச்சொல் அடிக்கடி ‘மேலைநாட்டாராகிய வீ’ என்னும் பொருளில் வரும். மூலநூலின் வாசகர் மேலைநாட்டார். ஆதலின் அவர்களை உளப்படுத்தும் ‘நாம்’ என்பதே மூலத்திற்கு நேரானது. ஆனால் தமிழ் வாசகர் ‘மேலைநாட்டாராகிய நாம் அமைதியை இழந்துவிட்டோம்’ எனப் படிக்கும்போது, அவர் தம்மை அறியாமலே இலண்டன் வாசகரின் இருக்கையில் அமர்த்தப்படுகிறார்; தம் ஊரைத் தொலைவிலிருந்து காண்கிறார். ‘நாங்கள்’ என்று பெயர்த்தால், நூலாசிரியர் தமிழரை நோக்கி நேரில் பேசுவதாகிவிடும். அது அவர் செய்யாத செயல். இரண்டும் பிழை எனலாம். எப்பிழை வேண்டும் என்று தெரிவதே மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது. நம் வாசகரை அயலார் இருக்கையில் அமர்த்துவது நெடுங்காலம் காலனியக் கல்வி செய்துவந்த பணி. ஆதலின் ‘நாங்கள்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்; முன்னுரையில் அத்தெரிவைச் சொல்லிவிடல் வேண்டும்.

பெங்களூரில் பணியாற்றும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது ஏட்டளவு வினா அன்று. சாலைவழி ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் உள்ள திருவண்ணாமலைக்கு முழுநிலா நாள்தோறும் இந்நகரிலிருந்து பெருந்திரளாக மக்கள் செல்கின்றனர். இரமணர் பற்றிய நூல்களை வெளியிடும் இரமண மகரிசி கற்றல் மையம் இந்நகரில் உள்ளது. பிரண்டன் தாமும் பின்னாளில் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவைப் பெற்று, வி. சுப்பிரமணிய ஐயரிடம் வேதாந்தம் பயின்றார். ஆக, கன்னடத்திலும் தமிழிலும் இவ்வகை நூல்களுக்கு இங்கே வாசகர் உண்டு. ஒரு மொழியாக்கத்தை வைத்து மற்றொன்றைச் செய்யும் பழக்கமும் உண்டு. இன்றைய கன்னடத்தில் உளப்பாட்டு வேறுபாடு இல்லை, ‘நாவு’ ஒன்றே. தெலுங்கிலோ ‘மனமு’, ‘மேமு’ என்னும் வேறுபாடு உள்ளது. கன்னடம் வழியாகத் தமிழுக்கு வருபவர், கன்னட மொழிபெயர்ப்பாளர் முகங்கொடுக்கத் தேவையில்லாத ஒரு முடிவைத் தாமே எடுக்கவேண்டியவராகிறார். அதை எடுக்கும்போது தாம் முடிவெடுப்பதாகவே உணராதிருக்கவும் கூடும்.

மரியாதை விகுதியின் நிலை இதைவிடக் கடுமையானது. ஆங்கிலத்தின் ‘ஹி’ ஞானிக்கும் மாட்டுவண்டி ஓட்டுநருக்கும் ஒன்றே. தமிழாக்கத்தில் ஞானி ‘அவர்’ ஆகிறார். வண்டிக்காரர் பெரும்பாலும் ‘அவன்’ ஆகிறார். மாணவர்களுக்குப் பயிற்சியாக இத்தகைய பத்திகளைக் கொடுத்தபோதெல்லாம் பெரும்பாலோர் தயக்கமின்றி இவ்வாறே எழுதியதைக் கண்டுள்ளேன். மூலத்தில் அயலாட்சியின் ஏற்றத்தாழ்வு வேறு வழிகளில் இருக்கலாம். ஆனால் இந்த ‘ன்’ விகுதி ஆங்கிலேயர் தந்ததன்று. அது நாம் இட்டது. கன்னடத்தின் ‘அவனு’, ‘அவரு’ வேறுபாட்டிலும் இதுவே நிலை. பழைய நூலாயிற்றே, அக்கால வழக்கு அதுதானே என்னும் விடை போதாது. தமிழாக்கம் செய்யப்படுவது இன்று.

மாமின் கத்தி

1938இல் திருவண்ணாமலை வந்த சாமர்செட் மாம், 1944இல் வெளியிட்ட ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ என்னும் புதினத்தில் ஞானியின் ஆசிரமத்தைத் திருவிதாங்கூருக்கு மாற்றி, அவருக்கு ஸ்ரீ கணேசர் எனப் பெயரும் இட்டார். புனைகதைக்கு அவ்வுரிமை உண்டு. 1958இல் வெளிவந்த கட்டுரையில்தான் இரமணரை அவர் பெயராலேயே எழுதினார். இதற்கு மாறாக, 1938இல் சென்னை வரை வந்தும் திருவண்ணாமலைக்குச் செல்லாதவர் கார்ல் யுங். ஹென்ரிக் சிம்மர் இரமணரைப் பற்றி எழுதிய ஜெர்மானிய நூலின் (1944) முன்னுரையில், செல்லாமைக்கான காரணத்தை அவர் விளக்கினார். செல்லாமையும் இவ்வகை இலக்கியத்துள் ஓர் இயலாகிவிட்டது.

மாமின் தலைப்பு கடோபநிடதத்திலிருந்து வந்தது. அங்குள்ளது சவரக்கத்தியின் கூரிய விளிம்பு. கடத்தற்கு அரிய பாதைக்கு உவமை. தமிழில் ‘கத்தி முனையில்’ என்று தலைப்பிட்டால், நாளிதழில் நகை பறிபோன செய்தி என்றே வாசகர் கொள்வர். ‘முனை’ வேறு, ‘விளிம்பு’ வேறு. ‘கத்தி மேல் நடப்பது போல’ என்னும் மரபுத்தொடர் நம்மிடம் உள்ளது. ஆனால் அதில் விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் மட்டுமே உண்டு. கடந்து சேரும் கரை இல்லை. உபநிடதத்தின் வடமொழித் தொடரை நேரே தமிழாக்கி ‘கூர்விளிம்பு’ என்று வைத்தால், ஆங்கிலத்தின் வழியே சுற்றி வந்த சொல் தன் ஊருக்கே திரும்பும். அப்போது அட்டையில் மாமின் பெயருக்கு மேல் நிற்பது அவருடைய தலைப்பா, உபநிடதத்தின் சொல்லா என்பதைப் பதிப்பாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் கலந்தே முடிவு செய்யவேண்டும்.